டாக்டர் கோல்ட்பெர்கரும் பெல்லாக்ரா நோயும்

ஒரு நோய் ஒரே வீட்டில், ஒரே விடுதியில், ஒரே ஊரில் பலருக்கு அடுத்தடுத்துக் காணுமாயின், அதனைத் தொற்றுநோய் என்று கருதுவது இயல்பு. அம்மை, காலரா, டைபாய்டு முதலியவை அவ்வாறு பரவுவதை மக்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்துள்ளனர். ஆயினும், கூடி வாழ்வோரிடையே கூடித் தோன்றும் நோய்கள் யாவும் தொற்றுநோய்கள் அல்ல. ஒரே அடுக்களையில் உண்போர் ஒரே குறைபாட்டிற்கு ஆளாகலாம். ஒரே கூலியைப் பெறுவோர் ஒரே வறுமையில் வாடலாம். இவ்விரு வகை நோய்களையும் வேறு பிரித்தறிவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் இறுதிப் பதினைந்து ஆண்டுகளைச் செலவிட்டவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுச் சுகாதாரப் பணியைச் சேர்ந்த டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஆவார். ஊர்தோறும் சென்று நோய்க் கணக்கெடுக்கும் பணியாளருக்கும், விஞ்ஞான முறையினை மாணவர்க்கு உணர்த்தும் ஆசிரியருக்கும் அவருடைய பணி வரலாறு பெரிதும் பயன்படும்.

நோயின் இயல்பு

பெல்லாக்ரா என்பது தோல், குடல், மூளை ஆகிய மூன்றையும் தாக்கும் நோய். வெயில் படும் இடங்களாகிய புறங்கை, முன்கை, கழுத்து, பாதத்தின் மேற்புறம் ஆகியவற்றில் தோல் சிவந்து, பின்னர் கறுத்துத் தடித்து உரியும். இம்மாறுதல் உடலின் இரு புறத்தும் ஒரே அளவாகத் தோன்றுவதும், நோயுற்ற தோலுக்கும் நல்ல தோலுக்கும் இடையே எல்லை தெளிவாக இருப்பதும் இந்நோயின் சிறப்பு அடையாளங்கள். நாக்கு சிவந்து புண்ணாகும், வயிற்றுப்போக்கு உண்டாகும். தூக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு எனத் தொடங்கும் மனமாற்றம், நாளடைவில் நினைவு தடுமாறிச் சித்தப்பிரமையாக முற்றும். மருத்துவம் செய்யாது விட்டால் மரணம் நேரும்.

இந்நோயை முதன்முதலில் விவரித்தவர் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பார் காசால். 1735ஆம் ஆண்டில் அஸ்தூரியாஸ் பகுதியின் ஏழைக் குடியானவரிடையே அவர் இதனைக் கண்டார். 1771இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ பிரப்போல்லி இதற்குப் 'பெல்லாக்ரா' என்று பெயரிட்டார். சொரசொரப்பான தோல் என்பது அச்சொல்லின் பொருள். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளம் ஐரோப்பிய ஏழைகளின் தலையாய உணவாக மாறிய இடங்களிலெல்லாம் இந்நோயும் காணப்பட்டது. எனவே, கெட்டுப்போன மக்காச்சோளத்திலுள்ள நஞ்சே இதற்குக் காரணம் எனப் பலர் கருதினர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்நோய் திடீரெனக் கவனத்திற்கு வந்தது. 1906இல் அலபாமா மாநிலத்திலுள்ள மௌண்ட் வெர்னன் மனநோய் விடுதியில் 88 பேர் நோயுற்றனர். அவருள் 57 பேர் இறந்தனர். பிற மாநிலங்களின் மனநோய் விடுதிகளிலிருந்தும், அநாதை இல்லங்களிலிருந்தும், பஞ்சாலைக் கிராமங்களிலிருந்தும் இத்தகைய செய்திகள் வரலாயின. நோயால் சித்தம் கலங்கியவர்கள் மனநோய் விடுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். வேறு காரணத்தால் அங்கு வந்தவர்களும் உள்ளே இருக்கையில் இந்நோய்க்கு ஆளாயினர். கண்ணுக்குப் புலனாகாத ஏதோ ஒரு கிருமியே காரணம் என்ற எண்ணம் வலுத்தது. இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதனைத் தொற்றுநோய் என்றே கருதி அறிக்கை அளித்தன. நோயாளிகளை மருத்துவமனைகள் ஏற்க மறுத்ததும், அயலார் அவர்களை அணுக அஞ்சியதும் இவ்வெண்ணத்தின் விளைவுகள்.

தொற்றுநோய்களிடையே பதினைந்து ஆண்டுகள்

கோல்ட்பெர்கர் 1874ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், இன்று ஸ்லோவாக்கியாவிலுள்ள ஓர் ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சிறுவராயிருந்தபோதே குடும்பத்தினர் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே சிறு மளிகைக் கடை நடத்தினர். பொறியியல் படிக்கத் தொடங்கிய அவர், மருத்துவக் கல்லூரியில் ஒரு சொற்பொழிவைக் கேட்டு மனம் மாறி, மருத்துவம் பயின்று, 1895இல் பட்டம் பெற்றார். 1899இல் மத்திய அரசாங்கத்தின் சுகாதாரப் பணியிற் சேர்ந்து, நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வருவோரைப் பரிசோதிக்கும் வேலையில் அமர்ந்தார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் அவர் தொற்றுநோய்களை ஆராய்வதிலேயே கழித்தார். மஞ்சள் காய்ச்சலை ஆராயச் சென்ற இடத்தில் அவருக்கு மஞ்சள் காய்ச்சல் கண்டது. டெங்குக் காய்ச்சலை ஆராய்கையில் டெங்குவும், மெக்சிகோவில் டைபஸ் காய்ச்சலை ஆராய்கையில் டைபஸும் கண்டன. அதே மெக்சிகோ நகரில், அதே டைபஸ் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஹாவர்ட் ரிக்கெட்ஸ் என்னும் சிறந்த விஞ்ஞானி 1910இல் அந்நோயாலேயே உயிர் நீத்தார் என்பதை நோக்க, கோல்ட்பெர்கர் பிழைத்தது அரிதே. டைபஸ் காய்ச்சலைப் பேன்கள் பரப்புகின்றன என்பதற்கு அவரும் ஜான் ஆண்டர்சனும் மெக்சிகோவில் சான்று கண்டனர். 1911இல் அவ்விருவரும் தட்டம்மையைக் குரங்குகளுக்குத் தொற்றச் செய்து காட்டினர்.

அவருடைய ஆராய்ச்சி முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 1909இல் பிலடெல்பியா நகரில் பலருக்கு அரிப்புடன் கூடிய தோல் தடிப்பு உண்டாயிற்று. நோயுற்றோர் அனைவரும் புதிய வைக்கோல் மெத்தைகளில் உறங்கினர் என்பதை அறிந்த கோல்ட்பெர்கர், அம்மெத்தைகளினிடையே தம் கையை வைத்துப் பார்த்தார். சில மணி நேரத்தில் அவர் கையிலும் தடிப்பு எழுந்தது. வைக்கோலைச் சலித்ததில் சிற்றுண்ணிகள் அகப்பட்டன. அவையே காரணம் எனத் தெளிவாயிற்று. நோயாளியை மட்டும் நோக்காது, அவர் உறங்குமிடத்தையும் உண்ணும் பொருளையும் நோக்கும் பழக்கம் அவருக்கு இத்தகைய பணிகளால் அமைந்தது.

தொற்றுநோய் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை இத்துணை நெருங்கி அறிந்தவராதலாலேயே, தொற்றுநோயின் நடை ஒரு நோயில் காணப்படாதபோது அதனை அவரால் விரைந்து உணர முடிந்தது. 1914ஆம் ஆண்டின் முற்பகுதியில் பெல்லாக்ரா ஆராய்ச்சியின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மனநோய் விடுதியில் ஒரு கணக்கு

கோல்ட்பெர்கர் தென் மாநிலங்களில் பயணஞ் செய்து விடுதிகளைப் பார்வையிட்டார். சில வாரங்களிலேயே ஓர் உண்மை அவர் கண்ணிற் பட்டது. விடுதியில் வாழும் நோயாளிகளுக்குப் பெல்லாக்ரா உண்டாகிறது. அவர்களுடன் இரவு பகலாகப் பழகும் செவிலியர்க்கும் பணியாளர்க்கும் அது உண்டாவதில்லை. அம்மையோ டைபஸோ இவ்வாறு ஆள் பார்த்து வருவதில்லை.

ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் நகரிலுள்ள மனநோய் விடுதியில் அவர் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். 1910இல் சேர்க்கப்பட்ட நோயாளிகளுள் ஓராண்டிற்குப் பின்னும் அங்கிருந்தோர் 418 பேர். அவருள் 32 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 7.65 வீதம், பெல்லாக்ரா கண்டது. அதே விடுதியில் ஓராண்டிற்குக் குறையாது பணிபுரிந்த செவிலியரும் பணியாளரும் 293 பேர். நோயாளிகளுக்கு உண்டான வீதத்திலேயே இவர்களுக்கும் நோய் உண்டாகியிருந்தால், ஏறத்தாழ 22 பேருக்குக் கண்டிருக்க வேண்டும். ஒருவருக்கேனும் காணவில்லை.

இக்கணக்கிற்கு நுண்நோக்கியோ ஆய்வுக்கூடமோ தேவைப்படவில்லை. நோயுற்றோரை எண்ணியபின், நோயுறாதோரையும் எண்ணவேண்டும் என்ற எண்ணமே தேவைப்பட்டது. அங்கு அதற்கு முன் சென்றவர்களும் அதே பணியாளர்களைக் கண்டிருந்தனர்; ஆனால் அவர்களைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரிலுள்ள ஓர் அநாதை இல்லத்தில் இதனினும் வியப்பான கணக்குக் கிடைத்தது. 1914ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று அங்கிருந்த 211 குழந்தைகளுள் 68 பேர் பெல்லாக்ராவால் துன்புற்றனர். ஆறு வயதிற்குட்பட்ட 25 பேரில் நோயுற்றோர் இருவர். பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்ட 66 பேரில் ஒருவர். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலிருந்த 120 பேரில் 65 பேர் நோயுற்றிருந்தனர். ஒரே கூரையின்கீழ் வாழும் குழந்தைகளுள் நடு வயதினரை மட்டும் ஒரு கிருமி தேர்ந்தெடுப்பது ஏன்? அடுக்களையிற் சென்று விசாரித்தபோது விடை கிடைத்தது. சிறு குழந்தைகளுக்குப் பால் அளிக்கப்பட்டது. பெரிய பிள்ளைகள் வேலை செய்தமையால் அவர்களுக்கு இறைச்சி முதலியன கூடுதலாகக் கிடைத்தன. பாலுக்கு வயது கடந்தவராயும், வேலைக்கு வயது வாராதவராயும் இருந்த நடு வயதுக் குழந்தைகள் மக்காச்சோளக் கஞ்சியையும் பாகையும் உண்டு வாழ்ந்தனர்.

மனநோய் விடுதியிலும் இதே நிலைதான். நோயாளிகளுக்கும் பணியாளர்க்கும் ஒரே உணவுதான் என்று அதிகாரிகள் கூறினர். ஆயினும் பணியாளர் நல்லனவற்றைத் தமக்கெனத் தேர்ந்துகொள்ளவும், வெளியே வாங்கி உண்ணவும் முடிந்தது; நோயாளிகளால் அது இயலவில்லை. பட்டியலில் எழுதப்பட்டுள்ள உணவு வேறு. தட்டில் வந்து சேரும் உணவு வேறு என்பதைக் கோல்ட்பெர்கர் கண்டுகொண்டார்.

உணவை மாற்றிப் பார்த்தல்

இக்கருத்துச் சரியாயின், உணவை மாற்றினால் நோய் நீங்க வேண்டும். 1914ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜாக்சன் நகரின் இரண்டு அநாதை இல்லங்களில் பால், முட்டை, இறைச்சி, அவரை இனப் பருப்புகள் ஆகியவை கூட்டப்பட்டு, மக்காச்சோளம் குறைக்கப்பட்டது. சுகாதார ஏற்பாடுகளில் வேறு மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. முந்திய ஆண்டில் அவ்விரு இல்லங்களிலும் நோயுற்றிருந்தோர் 209 பேர். அவருள் ஓராண்டு முழுதும் கவனிக்கப்பட்ட 172 பேரில் ஒருவருக்கு மட்டுமே நோய் மீண்டது.

மில்லெட்ஜ்வில் விடுதியிலும் இரு பிரிவு நோயாளிகளுக்கு நல்ல உணவு அளிக்கப்பட்டது. ஓராண்டு நிறைவெய்திய 72 பேரில் ஒருவருக்கும் நோய் மீளவில்லை. பழைய உணவையே உண்டுவந்த 32 பேரில் 15 பேருக்கு மீண்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இருந்தமையால், முதற் குழுவினரின் நலம் தற்செயலாக நேர்ந்ததன்று என்று கூற முடிந்தது.

சிறைப் பண்ணைச் சோதனை

நல்ல உணவு நோயைத் தடுக்கும் என்பது தெளிவாயிற்று. குறையுணவு நோயை உண்டாக்கும் என்பதையும் காட்டவேண்டியிருந்தது. 1915இல் மிசிசிப்பி மாநிலக் கவர்னரின் இசைவுடன், ராங்கின் சிறைப் பண்ணையில் தண்டனை அனுபவித்த பன்னிருவர் இச்சோதனைக்கு முன்வந்தனர். சோதனை முடிந்ததும் விடுதலை என்பது அவர்களுக்கு அளிக்கப்பட்ட உறுதி. அப்பண்ணையில் அதுவரை பெல்லாக்ரா இருந்ததில்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர்கள் மக்காச்சோள மாவு, வெண்ணிறக் கோதுமை மாவு, அரிசி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கரும்புப் பாகு முதலியவற்றையே உண்டனர். வேறு நோயின் காரணமாக ஒருவர் இடையில் விலக்கப்பட்டார். எஞ்சிய பதினொருவரில் அறுவருக்குப் பெல்லாக்ராவின் அடையாளங்கள் தோன்றின. பண்ணையில் வழக்கமான உணவை உண்ட ஏனைய கைதிகளுக்கு அவை தோன்றவில்லை.

இச்சோதனையின் பயனை ஒப்புக்கொள்ளும் அதே வேளையில், அதனை இன்று அவ்வாறே செய்ய முடியாது என்பதையும் ஆசிரியர்கள் மாணவர்க்கு உணர்த்த வேண்டும். விடுதலைக்காக ஏங்கும் கைதியிடம் விடுதலையை விலையாகக் காட்டிப் பெறும் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. பழைய உணவிலேயே விடப்பட்ட மனநோயாளிகளிடம் சம்மதம் கேட்கவும் இயலாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், கைதிகளையும் மனநோயாளிகளையும் குழந்தைகளையும் தனிப் பாதுகாப்புக்குரியோராகக் கொள்கின்றன.

தம் உடலிலேயே சோதனை

இத்தனைக்குப் பின்னும் பலர் உடன்படவில்லை. கைதிகளுக்குக் கண்டது பெல்லாக்ராவே அன்று என்றனர் சிலர். இது குடும்ப வழி வரும் பிறவிக் குறை என்று 1916இல் சார்லஸ் டாவன்போர்ட் என்னும் மரபியலாளர் எழுதினார். தாய்க்கும் மகளுக்கும் நோய் காண்பதை அவர் மரபுக்குச் சான்றாகக் கொண்டார். தாயும் மகளும் ஒரே பானையிலிருந்து உண்பதைக் கருதவில்லை.

தொற்று என்ற எண்ணத்தை ஐயமின்றி அகற்ற, கோல்ட்பெர்கர் அதே ஆண்டில் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டார். அவர்களுடைய தோற் செதில்களையும் கழிவுகளையும் மாவுடன் உருட்டி விழுங்கினார். அவருடன் பணியாற்றியோரும் பிறருமாகப் பதினாறு பேர் இச்சோதனைகளில் கலந்துகொண்டனர். அவருடைய மனைவி மேரியும் நோயாளியின் இரத்தத்தை ஊசி வழியாக ஏற்றார். ஒருவருக்கும் பெல்லாக்ரா உண்டாகவில்லை. மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைபஸ் ஆகிய மூன்றும் கண்டு பிழைத்த ஒருவர், தொற்று என்பது எத்தகையது என்று நன்கறிந்தே இதனைச் செய்தார்.

பஞ்சாலைக் கிராமங்கள்

தவறான உணவு காரணம் என்றால், மக்கள் அவ்வுணவை உண்பது ஏன்? அறியாமையா, வழக்கமா, வறுமையா? இதனை அறிய, 1916இல் தென் கரோலினா மாநிலத்தின் ஏழு பஞ்சாலைக் கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. இதில் கோல்ட்பெர்கருக்குத் துணை நின்றவர் எட்கர் சைடன்ஸ்டிரிக்கர் என்னும் பொருளாதார நிபுணர். மருத்துவரும் பொருளாதார நிபுணரும் இணைந்து ஒரு நோயை ஆராய்வது அக்காலத்தில் அரிய செயல்.

ஆய்வாளர்கள் இரு வாரத்திற்கொரு முறை வீடுதோறும் சென்று நோயாளிகளைத் தேடினர். மருத்துவமனைக்கு வந்தவரை மட்டும் எண்ணினால் எண்ணிக்கை குறையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஒவ்வொரு குடும்பமும் பதினைந்து நாட்களில் வாங்கிய உணவுப் பொருள்களைக் கடைக் கணக்கிலிருந்தும் குடும்பத்தாரிடமிருந்தும் பதிவு செய்தனர். குடும்ப வருமானத்தையும், வீட்டிலுள்ளோரின் வயதையும் எண்ணிக்கையையும் குறித்தனர்.

வருமானம் ஏற ஏற, பெல்லாக்ரா படிப்படியாகக் குறைந்தது. புத்திறைச்சியும் பாலும் மிகுதியாகப் பெற்ற குடும்பங்களில் நோய் அரிதாயிற்று. கழிவகற்றும் வசதியின் தரத்திற்கும் நோய்க்கும் நிலையான தொடர்பு காணப்படவில்லை. தொற்று என்று கூறியவர்களின் முக்கியச் சான்று இதனால் வலுவிழந்தது. வருமானம் ஒத்திருந்தும் நோய் மிகுந்த ஊரும் நோயற்ற ஊரும் இருந்தன. நோயற்ற ஊரில் ஆண்டு முழுதும் புத்திறைச்சி விற்கப்பட்டது. சுற்றுப்புற உழவர்கள் விளைபொருள்களைக் கொணர்ந்து விற்றனர். நோய் மிகுந்த ஊரில் அவ்வசதியில்லை. கையிற் காசு இருப்பதுடன், வாங்குவதற்குப் பொருளும் அண்மையில் இருத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று.

தென் மாநிலங்களின் உழவு முறையும் இதற்குக் காரணமாயிருந்தது. வீட்டு வாசல் வரை பருத்தி பயிரிடப்பட்டது. காய்கறித் தோட்டத்திற்கும் பசு வளர்ப்பிற்கும் இடமில்லை. குத்தகை உழவர் அடுத்த அறுவடை வரை கடைக்காரரிடம் கடனாக மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, பாகு ஆகியவற்றைப் பெற்று வாழ்ந்தனர். குளிர்காலம் முழுதும் இவ்வுணவை உண்டபின், இளவேனிலில் நோய் தலைதூக்கியது. 1920இல் பருத்தி விலை வீழ்ந்தபோது நோய் பெருகும் என்று கோல்ட்பெர்கர் எச்சரித்தார். தம் மாநிலங்களுக்கு அவப்பெயர் நேருமென அஞ்சிய தலைவர்கள் அதனை விரும்பவில்லை.

ஈஸ்ட்டிலிருந்து நயாசின் வரை

ஏழைகளுக்குப் பாலும் இறைச்சியும் வாங்க வழியில்லை என்பதை உணர்ந்த கோல்ட்பெர்கர், மலிவான மருந்துணவு ஒன்றைத் தேடினார். நாய்களுக்கு உண்டாகும் 'கருநாக்கு' நோய் பெல்லாக்ராவை ஒத்ததென்று கண்டு, நாய்களிடம் சோதனை நடத்தினார். பசியைத் தூண்டும் பொருட்டு நாய்களின் உணவில் ஈஸ்ட் சேர்க்கப்பட்டபோது கருநாக்கு உண்டாகவில்லை. பின்னர் மில்லெட்ஜ்வில் விடுதி நோயாளிகளிடமும் உலர்ந்த ஈஸ்ட் பயன் தந்தது. 1927இல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்து பயிரும் கால்நடையும் அழிந்தபோது, செஞ்சிலுவைச் சங்கம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு ஈஸ்ட்டை வழங்கிற்று.

நோயைத் தடுக்கும் அப்பொருள் யாதென்று அறியுமுன், 1929ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கோல்ட்பெர்கர் புற்றுநோயால் காலமானார். 1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ராட் எல்வெஜெம், நிகோடினிக் அமிலம் நாய்களின் கருநாக்கைக் குணப்படுத்துவதைக் கண்டார். நயாசின் என இன்று வழங்கும் இப்பொருள், அரை நூற்றாண்டிற்கும் மேலாக வேதியியலார் அறிந்திருந்ததே. அதன் மருத்துவப் பயனை எவரும் அறிந்திலர். விரைவில் மனிதர்க்கும் அது அளிக்கப்பட்டது. சித்தம் கலங்கியிருந்த நோயாளிகள் பலர் சில நாட்களிலேயே தெளிவு பெற்றனர். மனநோய் விடுதியில் ஆயுள் முழுதும் அடைபட்டிருக்கக் கூடியவர்கள் வீடு திரும்பினர்.

பால், முட்டை முதலியவற்றில் நயாசின் குறைவாயிருந்தும் அவை நோயைத் தடுப்பது எங்ஙனம் என்ற ஐயம் 1945இல் நீங்கியது. புரதத்திலுள்ள டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உடல் நயாசினை ஆக்கிக்கொள்ளும். ஏறத்தாழ 60 மில்லிகிராம் டிரிப்டோபேனிலிருந்து ஒரு மில்லிகிராம் நயாசின் கிடைக்கும். மக்காச்சோளத்தில் டிரிப்டோபேன் குறைவு. அதிலுள்ள நயாசினும் உடல் ஏற்க முடியாதவாறு பிணைந்துள்ளது. மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துப் பயன்படுத்துவதால் அப்பிணைப்பு விடுபடுகிறது. தானியத்தை ஏற்ற ஐரோப்பியர் அதனைப் பக்குவப்படுத்தும் முறையை ஏற்காதது பெருங்கேடாயிற்று.

தக்காணத்துச் சோளம்

இந்நோய் இந்திய நாட்டிற்கும் புதிதன்று. தக்காணப் பீடபூமியில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை உழைப்பாளரிடையே பெல்லாக்ரா காணப்பட்டது. இதனை ஆராய்ந்தவருள் முதன்மையானவர், 1918இல் சேலத்திற் பிறந்து 2019இல் மறைந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் தோன்றிப் பின்னர் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்ட ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் (1969 முதல் தேசிய ஊட்டச்சத்துக் கழகம்) அவர் பணியாற்றினார்.

சோளத்தில் டிரிப்டோபேன் மக்காச்சோளத்தைப் போல் மிகக் குறைவாக இல்லை. அவ்வாறாயின் நோய் உண்டாவது ஏன்? சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலம், உடல் நயாசினை ஆக்குவதையும் பயன்படுத்துவதையும் குலைக்கிறது என்று கோபாலனும் ஸ்ரீகண்டியாவும் 1960இல் கருத்து வெளியிட்டனர். பிற நாடுகளில் நடந்த சோதனைகள் யாவும் இதனை ஒருமனதாக உறுதிப்படுத்தவில்லை. சோளம் மட்டும் உண்போர்க்கே இடர் மிகுதி. பருப்பு, பால், பிற தானியங்கள் ஆகியவற்றுடன் சேர்த்து உண்போர் அஞ்ச வேண்டுவதில்லை.

களப்பணியாளர் கருதத்தக்கவை

பெல்லாக்ரா இன்று அரிதாயினும் மறைந்துவிடவில்லை. மிகுதியாக மது அருந்துவோரிடமும், பஞ்சத்தாலும் இடப்பெயர்ச்சியாலும் ஒரே தானியத்தை உண்டு வாழ்வோரிடமும் அது தோன்றும். காசநோய்க்கு அளிக்கப்படும் ஐசோனியசிட் மருந்தும், ஊட்டச்சத்துக் குறைந்தவரிடம் பெல்லாக்ராவை உண்டாக்கக் கூடும். டிரிப்டோபேன் நயாசினாக மாறுவதற்குத் தேவையான பைரிடாக்சின் என்னும் உயிர்ச்சத்தை அம்மருந்து குறைப்பதே இதற்குக் காரணம். அத்தகைய நோயாளியிடம் கழுத்திலும் கைகளிலும் இருபுறமும் ஒத்த தோல் மாற்றமோ, புதிதாகத் தோன்றிய மனத்தடுமாற்றமோ காணின், உடனே மருத்துவ அலுவலரிடம் அனுப்புதல் வேண்டும். காசநோய் மருந்தைத் தாமாக நிறுத்துமாறு கூறலாகாது.

ஓர் ஊரில் பலருக்கு ஒரு நோய் காணும்போது, நோயுற்றோர் பட்டியலுடன், அவர்களோடு பழகியும் நோயுறாதோர் பட்டியலையும் எழுதுக. வயது, தொழில், வருமானம், உணவு ஆகியவற்றில் இரு சாராரும் எவ்வாறு வேறுபடுகின்றனர் எனக் காண்க. உணவைப் பற்றி விசாரிக்கையில், வழக்கமாக என்ன உண்பீர் என்று கேட்பதைவிட, சென்ற இரு வாரங்களில் என்ன வாங்கினீர், யார் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்பது நலம். வீட்டில் கடைசியாக உண்பவர் யாரென்று அறிதலும் இன்றியமையாதது. சித்தம் கலங்கியவரைக் கண்டவுடன், பேய் என்றோ பிறவிக் குறை என்றோ ஊரார் கூறுவதை ஏற்காது, அவருடைய தோலையும் நாக்கையும் பார்த்து, அவர் உண்ணும் உணவை விசாரித்து மருத்துவரிடம் தெரிவித்தல் கடமை.

காரணத்தைக் கண்டறிவது வேறு, நோயை ஒழிப்பது வேறு என்பதையும் மறத்தலாகாது. நோயைத் தடுக்கும் உணவு எது என்று 1915இலேயே அறியப்பட்டது. ஆயினும் கோல்ட்பெர்கர் மறையும் வரையிலும் தென் மாநிலங்களில் மக்கள் அந்நோயால் இறந்துகொண்டேயிருந்தனர். 1940களில் மாவில் நயாசின் சேர்க்கப்பட்டதும், மக்களின் வருமானமும் உணவும் உயர்ந்ததும் சேர்ந்தே அதனை ஒழித்தன.

வகுப்பறைக்குரிய பயிற்சிகள்

1. அநாதை இல்லக் கணக்கில், மூன்று வயதுப் பிரிவுகளிலும் நோயுற்றோரின் நூற்று வீதத்தைத் தனித்தனியே காண்க. மொத்த வீதத்தை மட்டும் கண்டிருந்தால் எவ்வுண்மை மறைந்திருக்கும்?

2. மில்லெட்ஜ்வில் விடுதியில் பணியாளருள் 22 பேருக்கு நோய் கண்டிருக்க வேண்டும் என்ற எண் எவ்வாறு பெறப்பட்டது? செய்து காட்டுக.

3. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரே நோய் காண்கிறது. அது தொற்றா, மரபா, உணவுக் குறையா என்று வேறுபடுத்தி அறிய நீர் கேட்கும் மூன்று வினாக்களை எழுதுக.

4. நும் வீட்டில் சென்ற ஒரு வாரத்தில் வாங்கிய உணவுப் பொருள்களைப் பட்டியலிடுக. அவற்றுள் புரதம் மிகுந்தவை எவை? அவை வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் கிடைத்தனவா?